பட்டி பெருக்கக் கூடாது

அம்மா விளக்குமாற்றைத் தூக்கி, தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் செருகினார். இரண்டு கைகளையும் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"இனிமே நம்ம பட்டியில பெருக்குறது கெடையாது" என்றார்.

மார்கழிக் குளிர். மாடுகள் மூச்சு விடும்போதெல்லாம் பட்டிக்குள் புகைபோல எழுந்து கலைந்தது. அப்பா பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காலையில் எல்லோரும் கூடிப் பெயர் கொடுத்து, அன்றைய வேலையை வாங்கிக்கொண்டு போவதற்குத் தேயிலைத் தோட்டத்தில் அதுதான் பெயர். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று பிளேன்டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்டி, இடுப்பு புடிச்சிருச்சா?"

"இடுப்பு நல்லாத்தான் இருக்கு. ஆபீசுல வேணாம்னுட்டாங்க."

அம்மா வெளியே கைகாட்டினார். பட்டி வாசலில், பங்களாவுக்குப் போகும் பாதையைப் பார்த்தபடி ஒரு புதுப் பலகை. முந்தின நாள் மாலை தோட்ட அலுவலகத்தார் நட்டுவிட்டுப் போனது. மஞ்சள் பூச்சில் சிவப்பு எழுத்து. மேலே சிங்களம், கீழே ஆங்கிலம், நடுவில் தமிழ்:

"மாட்டுப்பட்டி பெருக்கக் கூடாது."

அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். "அடியே, பட்டியப் பெருசாக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"உங்களுக்கு அப்படித் தெரியுதா? எனக்கு வெளக்கமாத்தத் தொடாதேன்னு தெரியுது."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது.

வருடத்தைச் சொல்லமாட்டேன்

இந்தத் தொடரை வாசிப்பவர்கள் என் தேதிப் பைத்தியத்தை அறிவார்கள். சென்ற வாரம் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மின்சாரம் வந்த கதையை எழுதியபோது, அது ஆடி மாதம் என்று குறிப்பிட்டிருந்தேன். லுணுகலையிலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்தார். "ஆனி கடைசிங்க. எங்க கல்யாண வாரம். வயரு இழுக்க வந்த பையங்களுக்கும் பந்தியில சோறு போட்டோம்" என்றார். விசாரித்தேன். அவர் சொன்னதே சரி. திருத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த வாரத்துக் கதையின் வருடத்தை நான் சொல்லப்போவதில்லை. எனக்கு அது தெரியும், நாளோடு தெரியும். ஆனாலும் இதில் வரும் ஆபிசர் ஐயா இன்னும் வேறொரு தோட்டத்தில் வேலையில் இருக்கிறார். தேதியைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். ஒரு பெருமழைக்கு அடுத்த வருடம், மார்கழியும் தையும் சந்திக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

வேறொரு வாசகர் என் தொடரில் கண்ணீர் குறைவாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டாராம். பத்திரிகை ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அழுதுகொண்டேதான் எழுதுகிறார்கள். அழுகைக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் நாள் முழுக்க அழுதுகொண்டிருந்தால் மாட்டுக்குப் புல் அறுப்பது யார்?

மாதப் பெயர்கள்

நான் பதுளையில் ஒரு பாடசாலை நூலகத்தில் வேலை செய்கிறேன். மார்கழியில் பாடசாலை விடுமுறை விட்டால் லுணுகலை பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்கு வந்துவிடுவேன். நூலகத்தில் பழைய துரைமார் எழுதிய தோட்ட நினைவுகள் சில உண்டு. எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். துரையின் நாய்க்குப் பெயர் இருக்கும், குதிரைக்குப் பெயர் இருக்கும். கொழுந்து எடுத்தவர்களுக்கு இருக்காது.

அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டு மாடுகளுக்குப் பெயரும் காலமும் சேர்ந்தே இருக்கட்டும் என்று பிறந்த மாதத்தையே பெயராக வைத்தேன். அந்த வருடம் பட்டியில் இருந்தவை ஆவணியும் மாசியும். ஆவணி செவலை, பெரிய மனுஷி. மாசிக்குக் கறுப்பும் வெள்ளையும் கலந்த உடம்பு, வாளியை உதைக்கிற குணம்.

பண்ணை என்று சொன்னால் சிரிப்பீர்கள். கைவிடப்பட்ட தேயிலைச் சரிவில் ஒரு பட்டி, அதற்குக் கீழே எருக்குழி, அதற்கும் கீழே அப்பாவின் போஞ்சிப் பாத்தியும் கோவாப் பாத்தியும், நாலைந்து கோழிகள். அவ்வளவுதான். ஆனால் முழங்கால் போய், கொழுந்தெடுக்க மலைக்கு ஏற முடியாமல் ஆன பிறகு அம்மாவுக்கு இருந்த ஒரே வேலை அதுதான். மலையில் இருந்தவரை அம்மாவை யாராவது விரட்டிக்கொண்டே இருந்தார்கள். பட்டியில் அம்மாதான் துரை.

முந்தின வருடத்துப் பெருமழையில் பட்டிக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து பின்சுவரில் சாய்ந்தது. மண்சரிவில் லயங்களே புதைந்துபோன மீரியபெத்தவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மண் அசைந்தால் யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை. லயத்துச் சனம் எல்லாம் சில நாட்கள் கோயிலில் போய்ப் படுத்தோம். மண் அத்தோடு நின்றுவிட்டது. ஆனால் பட்டியின் பின்பாதியில் எப்போதும் தண்ணீர் கசிய ஆரம்பித்தது.

மாசி அந்த ஈரத்தில்தான் தலைச்சன் கன்று போட்டது. சாக்கு விரித்தோம், வைக்கோல் போட்டோம், அடுப்புச் சாம்பலைக் கொட்டினோம். எல்லாம் விடிவதற்குள் நனைந்துவிடும். கன்று நடுங்கியபடியே கிடந்து, ஒரு வாரம்கூட ஆகாமல் செத்துப்போனது. அம்மா யாரையும் தொடவிடாமல் தானே தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்.

இப்போது ஆவணி நிறைசினை. தைப்பொங்கலை ஒட்டிக் கன்று போடும் என்பது அம்மாவின் கணக்கு. பாதைப் பக்கம் தரை மேடாகவும் கெட்டியாகவும் இருந்தது. அங்கே ஒரு மாடு நிற்கிற அளவுக்குப் பட்டியை நீட்டிக்கட்ட அனுமதி வேண்டுமென்று அம்மா அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார்.

அதற்குக் கிடைத்த பதில்தான் அந்தப் பலகை.

கூட்டும் பெருக்கும்

காரணம் எங்களுக்குத் தெரியும். பழைய துரை பங்களா அப்போது விருந்தினர் விடுதியாக மாறியிருந்தது. நத்தார் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்மஸிலிருந்து பொங்கல் வரை அதற்கு நல்ல காலம். வெள்ளைக்காரரும் கொழும்புக்காரரும் வான் வண்டிகளில் வருவார்கள். எங்கள் பட்டி அந்தப் பாதையின் வளைவில் இருக்கிறது. தேயிலைச் சரிவைப் படம் எடுத்தால் ஓரத்தில் மாசியின் பின்பக்கமும் விழும்.

பலகை வாசகத்தை எழுதியவர் புதிதாக வந்திருந்த பீல்ட் ஆபிசர். யாழ்ப்பாணத்துக்காரர், இளைஞர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவருடைய ஊரில் வீடு வாசலைக் 'கூட்டுவார்கள்'. அவருக்குப் பெருக்குவது என்றால் பெரிதாக்குவதும் அதிகமாக்குவதும்தான். எனவே அவர் எழுதியதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருந்திருக்காது.

எங்கள் வீட்டுக் கதை வேறு. அம்மாவின் பாட்டன் வழி திருச்சிப் பக்கம். அப்பாவினுடையது மதுரைப் பக்கம். கடல் தாண்டி எத்தனை தலைமுறை ஆனாலும் விளக்குமாற்றைக் கையில் எடுத்தால் அம்மா பெருக்குவார், அப்பா கூட்டுவார். கல்யாணமான நாள் முதலாக நடக்கும் சண்டை இது.

"வாசலக் கூட்டுனியா?" என்பார் அப்பா.

"கூட்டுறதுக்கு அது என்ன கணக்கா? பெருக்கியாச்சு" என்பார் அம்மா.

"அப்ப பெருக்குறது மட்டும் கணக்கு இல்லையாக்கும்?"

பாடசாலையில் கூட்டல் பெருக்கல் படிக்கும்போது எனக்குக் கணக்கு வாத்தியார் விளக்குமாற்றோடுதான் கண்ணில் தெரிவார். பிறகு அகராதிகளைப் புரட்டியபோதுதான் பார்த்தேன்: இரண்டு சொல்லுக்கும் இரண்டு பொருளும் உண்டு. கூட்டினாலும் அதிகமாகும், சுத்தமாகும். பெருக்கினாலும் அப்படியே. அப்பாவும் அம்மாவும் இத்தனை வருடமாக ஒரே விளக்குமாற்றின் இரண்டு முனைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதை அன்றே வீட்டில் சொன்னேன். அப்பா தலையை ஆட்டி, "இருந்தாலும் கூட்டுறதுதான் சரி" என்றார்.

வாருவது வேறு

பலகை வந்த நாளிலிருந்து அம்மா பட்டியைப் பெருக்கவில்லை. மாட்டின் காலடியில் சாணி கிடக்கவும் விடவில்லை. மண்வெட்டியால் வாரி எடுத்தார். வாரியதை, வழக்கமாகப் பெருக்கித் தள்ளும் கீழ்ப் பக்கத்து எருக்குழிக்குக் கொண்டுபோகாமல், பட்டி வாசலில், பலகையின் காலடியில் கொட்டினார்.

"பெருக்கத்தான் கூடாதுன்னு இருக்கு. வாரக் கூடாதுன்னு இல்லையே" என்றார்.

குவியல் வளர்ந்தது. நத்தாருக்கு எதிர்க் காம்பரா வீட்டில் இருக்கும் பாக்கியம் அக்கா கேக் கொண்டுவந்தபோது அது முழங்கால் உயரம். ஆங்கிலப் புதுவருடத்துக்குப் பிள்ளைகள் பட்டாசை அதன் உச்சியில் குத்திவைத்துக் கொளுத்தினார்கள். பஜனைக்குப் போகிறவர்கள் விடியற்காலை இருட்டில் அந்த வளைவு வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு, சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் போய் மறுபடி தொடங்கினார்கள்.

பால் எடுக்க வரும் ஹனிபா நானா முதலில் மூக்கைப் பொத்தினார், பிறகு விசாரித்தார், பிறகு ஆட்டோவின் மேல் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லுணுகலையில் சாயாக்கடை வைத்திருப்பவர். அம்மாவின் பாலில்தான் அவர் கடையின் காலைத் தேநீர்.

"தங்கச்சி, நீ படிச்சிருந்தா வக்கீலா வந்திருப்பா" என்றார்.

"படிச்சதாலதானே நானா பெருக்காம இருக்கேன்" என்றார் அம்மா.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலமே இருந்தது. அலுவலகத்தில் ஒருவருக்குப் பிடிக்காமல் போனால் பெரட்டில் ஒரு பெயரைக் கூப்பிடாமல் விடுவது எவ்வளவு எளிது என்று அவருக்குத் தெரியும். "வேணாம் செல்லம், விட்டுரு" என்று ஒவ்வொரு மாலையும் சொன்னார்.

"மாசியோட கன்ன நீங்களா பொதைச்சீங்க?" என்று ஒரு மாலை அம்மா கேட்டார். அதற்குப் பிறகு அப்பா சொல்லவில்லை.

ஆபிசர் ஐயா வந்தார்

போகிக்கு முந்தின நாள் பகல். கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி வரும் நேரம். ஆபிசர் ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து குவியலுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினார். அவருடைய காலில் சப்பாத்து பளபளத்தது.

"என்னம்மா இது?"

"சாணிங்க."

"சாணி எண்டு தெரியுது. ஏன் இப்பிடிக் குவிச்சு வச்சிருக்கிறீங்கள்?"

"நாமளா போடுறோம்? மாடு போடுதுங்க."

பெண்கள் நின்றுவிட்டார்கள். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"நாளைக்குப் பங்களாவுக்கு ஆக்கள் வருகினம். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டோ போறது? ஏன் கூட்டாமல் விட்டனீங்கள்?"

அம்மா பலகையைக் காட்டினார். "அதுல வேணாம்னு போட்டிருக்குங்களே."

அவர் தான் எழுதியதைத் தானே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "இதிலை பட்டியைப் பெருப்பிக்கக் கூடாது எண்டுதானே இருக்கு."

"பெருக்கக் கூடாதுன்னு இருக்குங்க. போர்டு வந்த நாள்லேருந்து ஒரு வாட்டி கூட நான் பெருக்கலை. இவுகளைக் கேளுங்க."

"ஆமாங்க ஐயா, பெருக்கவே இல்ல" என்றார் பாக்கியம் அக்கா. "நாத்தமே சாட்சி."

"கீழே இங்கிலீசிலை தெளிவா இருக்கு!"

"அது எனக்குத் தெரியாதுங்க. தமிழ்ல போட்டீங்க, தமிழ்ல படிச்சேன்."

ஆபிசர் ஐயாவின் முகம் சிவந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. மேலே இருந்து ஒருவர் அவரை நெருக்கிக்கொண்டிருந்தார் என்று பிறகு அறிந்தேன். ஆனால் அந்த நேரத்தில் அவருக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

"கதை வேண்டாம். உடனை கூட்டுங்கோ. பட்டியை வடிவாக் கூட்டுங்கோ!"

அம்மா பாதைப் பக்கத்து மேட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டார்.

"பட்டியக் கூட்டச் சொல்றீங்களா?"

"ஓம்!"

"பொறகு மாத்திப் பேசமாட்டீங்களே?"

"நான் ஏன் மாத்திப் பேசப்போறன்? நாளைக்குக் காலமை வந்து பாப்பன். கூட்டி இருக்கவேணும்."

"சரிங்க ஐயா. கூட்டிர்றோம்."

மோட்டார் சைக்கிள் வளைவைத் தாண்டும்வரை அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஹனிபா நானாவுக்குப் போனப் போடு. அவரு கடைக்குப் பின்னால பழைய தகரம் கெடக்குன்னாரு."

அலவாங்கு

மாலையில் அப்பா வந்தார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் தம்பியும் அன்றைய ரயிலில் பொங்கலுக்கு வந்து சேர்ந்திருந்தான்.

அம்மா தேநீரை நீட்டிக்கொண்டே சொன்னார். "இந்தாங்க, ஐயா பட்டியக் கூட்டச் சொல்லிட்டாரு."

அப்பா கோப்பையை வாங்கினார். அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். கூரை இடுக்கில் இருந்த விளக்குமாற்றைத்தான் முதலில் பார்த்தார். பிறகு அம்மாவை. பிறகு பாதைப் பக்கத்து மேட்டில் இறக்கி வைத்திருந்த தகரத்தையும் யூக்கலிப்டஸ் கம்புகளையும்.

தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து அலவாங்கை இழுத்தார். குழி தோண்டும் அந்த நீள இரும்பின் சத்தம் சிமெந்துத் தரையில் நீளமாகக் கேட்டது.

"கம்பைப் புடிடா" என்றார் தம்பியிடம்.

தம்பி என் காதில், "ஐயா பாவம்க்கா, யாழ்ப்பாணத்துலேருந்து வந்து நம்ம அம்மாகிட்ட மாட்டிக்கிட்டாரே" என்றான். நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். சுவருக்கும் தரைக்கும் பூச வாசலிலேயே சாணி குவிந்து கிடந்தது. இருட்டுவதற்குள் ஆவணிக்கு நான்கு காலும் ஒரு கூரையும் உள்ள உலர்ந்த இடம் கிடைத்துவிட்டது. மிச்சச் சாணியை வாரி எருக்குழியில் போட்டோம். பெருக்கவில்லை.

போகியன்று காலை ஆபிசர் ஐயா சொன்னபடி வந்தார். சாணிக் குவியல் இருந்த இடத்தில் பட்டி நின்றது.

"ஆர் இதைக் கட்டச் சொன்னது?"

"நீங்கதாங்க. பட்டியக் கூட்டுன்னீங்க, கூட்டியாச்சு."

"கூட்டுறது எண்டால் விளக்குமாறாலையம்மா!"

"அது எங்க ஊட்டுல பெருக்குறதுங்க. அதைத்தான் நீங்க வேணாம்னு பலகை வச்சிட்டீங்களே."

அவர் அம்மாவை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு பெரட்டுக்குப் போக நின்றிருந்தார்.

"ராமையா, நீர் நியாயமான ஆள். நீர் சொல்லும். கூட்டுறது எண்டால் என்ன?"

கல்யாணமான நாள் முதல் அப்பா எதற்காக அம்மாவோடு சண்டை பிடித்தாரோ அதைத்தான் அவர் கேட்டார். உள்ளதைச் சொன்னால் போதும், அப்பாவுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அதுவும் தன் பக்கத்துச் சொல்லுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அதிகாரியின் ஆதரவு கிடைத்திருக்கிறது.

அப்பா தலைத்துணியை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டினார்.

"கூட்டுறதுன்னா சேர்க்கிறதுங்க ஐயா. வெளக்கமாத்தால செய்யிறது பெருக்குறது. எங்க ஊட்டுல எப்பவும் அப்படித்தான்."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க விட்டுக்கொடுக்காத ஒரு சொல்லை அப்பா அங்கே, பாதையோரத்தில், எல்லார் முன்னாலும் விட்டுக்கொடுத்தார்.

"அப்பிடியோ" என்றார் ஆபிசர் ஐயா. "பொங்கல் லீவிலை நான் ஒண்டும் செய்யேலாது. நாளையிண்டைக்கு, பொங்கலுக்கு மற்ற நாள், ஆளோடை வந்து பிடுங்குவன்."

அன்று பெரட்டில் அப்பாவின் பெயரைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்து, வேலை உடுப்போடு பட்டிக் கம்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, தளர்ந்திருந்ததை எல்லாம் இன்னும் ஆழமாக இறுக்கினார்.

பட்டி பெருக

மாட்டுப் பொங்கல் அன்று காலையிலிருந்தே ஆவணி நிற்பதும் படுப்பதுமாக இருந்தது. புதிய இடத்தின் உலர்ந்த தரையை முகர்ந்து பார்த்து, வட்டமடித்து, மறுபடி படுத்தது. நமுனுகுல மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டது. சிறுதூறல் பிடித்தது. பட்டிக்கு முன்னால், தகரத்தின் நீட்டலுக்குக் கீழே அம்மா அடுப்புக் கூட்டிப் பானையை ஏற்றினார்.

மாசியின் கொம்புக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பின்னால் மூன்று பேர் நடந்து வந்தார்கள், தோளில் அலவாங்கு. மூவரும் எங்கள் லயத்துக்காரர்கள். முன்னால் வந்த சுப்பையா மாமா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பானையைப் பார்த்தார்.

"என்ன மாமா, பொங்கலுக்கு அலவாங்கோட வந்திருக்கீங்க?" என்றான் தம்பி.

"சொன்னாங்க, வந்தோம்" என்றார் சுப்பையா மாமா. "நம்ம என்ன செய்யிறது மாப்ள?"

ஆபிசர் ஐயா இறங்கினார். புதிய கூரையின் கீழ் ஆவணி கிடப்பதைக் கண்டார். அதன் வயிறு ஒருமுறை இறுகித் தளர்ந்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அம்மா நிமிரவில்லை. அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினார். "இந்தக் கன்னு ஈரத்துல விழாது. பால் பொங்கட்டும் ஐயா. அதுக்கப்புறம் என்னைப் புடுங்கிப் போட்டுட்டு, பொறகு கம்பைப் புடுங்குங்க."

தூறல் தகரத்தில் தட்டியது. லயத்துச் சனம் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மாட்டுப் பொங்கலுக்குப் பட்டிக்கு வருவது வழக்கம், வந்தார்கள்.

பானையின் விளிம்பில் வெள்ளை நுரை எழுந்து, தயங்கி, ஒரு பக்கமாக வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்!" என்று அம்மா கத்தினார்.

"பொங்கலோ பொங்கல்!"

"பட்டி பெருக!"

"பட்டி பெருக!"

வருடா வருடம் கத்துவதுதான். ஆனால் அன்று இரண்டாம் முறை சொல்லும்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. எந்தச் சொல்லைப் பலகை கூடாது என்றதோ அதையே பலகைக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருக்கிறோம். மூன்றாம் முறை சத்தம் பங்களாவரை போயிருக்கும். பாக்கியம் அக்காவுக்கு இது பண்டிகை இல்லை. ஆனாலும் அவர்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினார். சுப்பையா மாமாவும் கத்தினார். அலவாங்கைத் தோளிலிருந்து இறக்கி மண்ணில் ஊன்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, "பட்டி பெருக!" அந்த நாளில் அந்தப் பானைக்கு முன்னால் வாய் அதைத்தான் சொல்லும்.

தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான். ஆவணியின் பின்னால் இரண்டு சிறிய குளம்புகள் தெரிந்தன.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்பா முட்டியிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. கிடாரி. ஆவணி திரும்பி அதை நக்கத் தொடங்கியது. அப்பா கன்றுக்கு அடியில் கையை விட்டுத் தரையைத் தடவினார். கையைத் தூக்கி அம்மாவுக்குக் காட்டினார்.

"காஞ்சிருக்கு" என்றார்.

என் விதிப்படி அந்தக் கன்றின் பெயர் தை. யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. லயமே அதைப் பெருக்கி என்று கூப்பிட்டது. இன்றைக்கு அது இரண்டு கன்றுகளுக்குத் தாய்.

எழுத்துப்பிழை

ஆபிசர் ஐயா தூறலில் நனைந்தபடி நின்றிருந்தார். சுருக்கமில்லாத சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"எங்கடை ஊரிலை இந்த நாளைப் பட்டிப் பொங்கல் எண்டுதான் சொல்லுறது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது. மறுபடி முயன்றது.

அவர் சுப்பையா மாமா பக்கம் திரும்பினார். "அந்தப் பலகையைக் கழட்டுங்கோ."

"பலகையவா ஐயா? பட்டிய இல்லீங்களா?"

"பலகையை எண்டுதானே சொல்லுறன். அதிலை எழுத்துப்பிழை. திருத்தி வேறை போடவேணும்."

திருத்திய பலகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அப்பாவின் பெயரை மறுவாரத்திலிருந்து பெரட்டில் மறுபடி கூப்பிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை, ஏன் கூப்பிட்டார்கள் என்றும் சொல்லவில்லை. அம்மா அதற்கு நன்றி சொல்ல அலுவலகத்துக்குப் போகவில்லை. "நம்ம பேர நம்மளக் கூப்புடுறதுக்கு நன்றி வேறயா?" என்றார்.

ஆனால் அன்றைக்கு, மூவரும் பலகையைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்ததும், அம்மா எழுந்து வீட்டுக்குப் போனார். கூரை இடுக்கிலிருந்து விளக்குமாற்றை உருவிக்கொண்டு வந்தார். பட்டியின் பழைய பக்கத்திலிருந்து தொடங்கி, புதிய பக்கம்வரை, பின்பு வாசல், பலகை நின்ற குழியைச் சுற்றி, எல்லாவற்றையும் பெருக்கினார். நாங்கள் எல்லோரும் ஒதுங்கி நின்று பார்த்தோம். ஆபிசர் ஐயாவும் இரண்டடி பின்னால் போய் இடம் விட்டார்.

"கூட்டியாச்சா?" என்று கேட்டார் அப்பா, பழக்கதோஷத்தில்.

அம்மா முறைத்தார். அப்பா வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு அம்மா வாழையிலைத் துண்டு ஒன்றில் பொங்கல் வைத்து ஆபிசர் ஐயாவிடம் நீட்டினார். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"சாப்புட்டுட்டு எலைய அங்கன போட்டுறாதீங்க ஐயா" என்றார் அம்மா. "இப்பத்தான் பெருக்கினேன்."